கேம் பாய்க்கு ஏன் லைட் இல்லை? யார் இந்த குன்பே யோகோய்?

பழைய கேம் பாயைப் பிரிச்சு, லைட் உள்ள புது ஸ்கிரீன் மாட்டும் வீடியோக்களைப் பார்த்திருப்பீங்க. 'மாடிங்' ரசிகர்கள் பலரும் முதலில் கைவைப்பது அந்த மங்கலான ஸ்கிரீனில்தான். ஆனா அந்த மங்கல், தெரிஞ்சே எடுத்த முடிவு. எடுத்தவர் குன்பே யோகோய்.

யார் இவர்?

1941-ல் ஜப்பானின் கியோட்டோவில் பிறந்தவர். எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு 1965-ல் நிண்டெண்டோவில் சேர்ந்தார். அப்போ அது சீட்டுக்கட்டு கம்பெனி. இவருக்கு மெஷின் பராமரிப்பு வேலை. பொழுதுபோகாமல் செய்த நீளும் பொம்மைக் கை, முதலாளி கண்ணில் பட்டது. 1966-ல் 'அல்ட்ரா ஹேண்ட்' என விற்பனைக்கு வந்து செம ஹிட்!

பழசுதான் பலம்

விலை மலிந்த பழைய தொழில்நுட்பத்தைப் புது விதமாகப் பயன்படுத்துவதே இவர் கொள்கை. 1980-ல் கால்குலேட்டர் திரையை வைத்து 'கேம் அண்ட் வாட்ச்' உருவானது. 1989-ல் கேம் பாய். கலர் இல்லை, லைட் இல்லை. அதனால் விலை குறைவு. 4 பேட்டரியில் 10 மணி நேரத்துக்கு மேல் ஓடும். போட்டிக்கு வந்த சேகாவின் கலர் 'கேம் கியர்' 6 பேட்டரியைச் சில மணி நேரத்தில் தீர்த்துவிடும். ஜெயித்தது கேம் பாய்தான்.

கடைசி காலம்

1995-ல் இவரது 'விர்ச்சுவல் பாய்' தோற்றது. அடுத்த ஆண்டு நிண்டெண்டோவை விட்டு விலகினார். 1997 அக்டோபர் 4-ம் தேதி சாலை விபத்தில் இறந்தபோது வயது 56.

இன்று கேம் பாய் கேம்கள் எமுலேட்டர் மூலம் போனிலேயே ஓடுது. ஆனா அந்த ஃபைல்களை அனுமதியில்லாமல் ஆன்லைனில் பகிர்வது பதிப்புரிமை மீறல்.

யோகோய் கடைசியாக உழைத்த 'வொண்டர்ஸ்வான்' 1999-ல் வெளியானது. அதுக்கு ஒரே ஒரு பேட்டரி போதும். லைட்? அதிலும் கிடையாது.