துளையிடும் இடத்தைக் குறித்த அஸ்-ஸஹ்ராவி

எருமப்பட்டிச் சகோதரி ஒருவருக்குச் சினைப்பைக் கட்டிக்காக லேப்ராஸ்கோப்பி செய்தார்கள். கட்டி போனது. ஆனால் இடுப்பெலும்பை ஒட்டிப் போட்ட துளையிலிருந்து தொடையிடுக்கு வரை எரிச்சலும் மரமரப்பும் வந்து சேர்ந்தன. வெட்கத்தால் ஆறு மாதம் வீட்டில்கூட அவர் சொல்லவில்லை. அதைக் கேட்டபோது நமக்கு நினைவுக்கு வந்தவர் அபுல் காசிம் அஸ்-ஸஹ்ராவி.

10ஆம் நூற்றாண்டில், ஸ்பெயினின் குர்துபாவை அடுத்த மதீனத்துஸ் ஸஹ்ராவில் வாழ்ந்தவர். அன்சாரிகள் வழிவந்தவர். உள்நாட்டுப் போரில் அந்நகரம் சூறையாடப்பட்டதாலோ என்னவோ, அவரைப் பற்றிய குறிப்புகள் மிகக் குறைவு. நூல் மட்டும் தப்பியது. ஏறத்தாழ 50 ஆண்டு அனுபவத்தை ‘அத்தஸ்ரீஃப்’ என்ற பெயரில் 30 பாகங்களாக, 1000ஆம் ஆண்டு வாக்கில் முடித்தார். கடைசிப் பாகம் முழுக்க அறுவை சிகிச்சை. சுமார் 200 கருவிகளின் படங்களும் அதில் உண்டு.

அந்தப் பாகத்தை அவர் வெற்றிக் கதைகளோடு தொடங்கவில்லை. உடற்கூறு தெரியாதவர் கையில் கத்தி அகப்பட்டால் என்ன ஆகும் என்று, தாம் கண்ட மரணங்களைச் சொல்கிறார். ஒரு பெண்ணின் கழுத்துக் கட்டியை அறுக்கப்போன வைத்தியர் இரத்தக்குழாயை வெட்டிவிட்டார். அவள் அங்கேயே இறந்தாள்.

வயிற்றில் நீர் கோத்தவருக்குத் துளையிட அவர் இடம் குறித்திருப்பதைப் பாருங்கள். குடலால் வந்த நீருக்குத் தொப்புளுக்குக் கீழே மூன்று விரல். கல்லீரல் கெட்டிருந்தால் இடப்பக்கம். மண்ணீரல் என்றால் வலப்பக்கம். நோயுற்ற உறுப்பை விட்டு விலகுகிறார். பிறகு உலோகக் குழாயைச் செருகி, நீரைக் கொஞ்சங்கொஞ்சமாகவே வடிக்கச் சொல்கிறார்.

இன்றும் இடம்தான் கேள்வி. இடுப்பெலும்பின் முன்முனை அருகே, வயிற்றுத் தசைகளுக்கு இடையில் இரண்டு மெல்லிய நரம்புகள் தொடையிடுக்கை நோக்கி ஓடுகின்றன. துளைக்கருவியோ துளையை மூடும் தையலோ அவற்றில் பட்டால் இந்த எரிச்சல் வரும். அதனால் பக்கத் துளைகளை அந்த முனையின் மட்டத்துக்கு மேலே போடுவது நல்லது என்கிறார்கள். அங்கும், முன்வயிற்றுத் தமனியைப் பார்த்து ஒதுங்க வேண்டும்.

பெண்களின் வெட்கத்தையும் அவர் கணக்கில் கொண்டார். பெண்ணின் சிறுநீர்ப்பைக் கல்லை எடுக்கத் தேர்ந்த பெண் வைத்தியர் வேண்டும். கிடைக்காவிட்டால் ஒழுக்கமுள்ள வைத்தியரோடு அனுபவமுள்ள மருத்துவச்சி கூட இருக்க வேண்டும் என்று எழுதினார்.

1013இல் மறைந்தார். அடுத்த நூற்றாண்டில் ஜெரார்டு என்பவர் அறுவைப் பாகத்தை லத்தீனில் பெயர்த்தார்; ஐரோப்பா பல நூற்றாண்டுகள் அதைப் படித்தது.

நம் சகோதரி கடைசியில் வாய் திறந்தது ஊர் செவிலியரிடம். அவர் கூட்டிப்போன மருத்துவர், வலிக்கும் இடத்தை விரலால் தொட்டுப் பார்த்து அங்கேயே மரப்பு ஊசி போட்டார். அன்றிரவு அவர் தூங்கினார்.