இருட்டறையில் ஒளி கண்ட லயனல் வென்ட்

உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றெனப் புகழ்பெற்ற திருகோணமலையின் பெருமையை எடுத்துரைப்போர், கோணேசர் கோயிலையும் அதனைத் தாங்கி நிற்கும் மலையையும் ஆழ்ந்த குடாவையும் பாராட்டுவர். துருவைப் பாராட்டுவார் இலர். ஆயினும் இத்துறைமுகத்தின் அண்மைக்கால வரலாற்றின் ஒரு பகுதியைத் துருவே எழுதி வைத்திருக்கின்றது. சீனன்குடாவை அடுத்த காட்டினுள்ளே, பிரித்தானியர் தம் கடற்படைக்கெனக் கட்டிய எண்ணெய்க் குதங்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. 1942 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 9 ஆம் நாள் யப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தைத் தாக்கியபோது, விமானமொன்று குதமொன்றின்மேல் வீழ்ந்து எரிந்தது. எஞ்சிய 99 குதங்களுட் பல நெடுங்காலம் பயனின்றிக் கொடியும் செடியும் படர நின்றன. 2022 ஆம் ஆண்டிலேதான் அவற்றைப் புதுப்பிப்பதற்கான உடன்பாடு கைச்சாத்தாயிற்று.

கடற்காற்றின் உப்பும் மாரிமழையின் ஈரமும் இரும்பை மெல்ல மெல்லத் தின்னும். தூர நின்று காண்பார்க்கு அது வெறும் அழிவு. அணுகி நோக்குவார்க்கோ காவியும் செம்மையும் மஞ்சளும் கருமையும், பழைய வண்ணப்பூச்சின் எச்சமாகிய நீலமும் பச்சையும், ஒன்றோடொன்று கலந்த ஓவியம்போல அத்துரு தோன்றும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் மாணவர் ஒளிப்படக் கண்காட்சியொன்றின் நடுவருள் ஒருவனாக இருந்தேன். மாணவியொருத்தி, கரையோரத்தில் கைவிடப்பட்டுக் கிடந்த இரும்புத் தகடொன்றின் துருவைக் கைத்தொலைபேசியாற் படம் பிடித்து, கணினியிலே நிறங்களின் செறிவைப் பலமடங்கு கூட்டிக் கொண்டுவந்திருந்தாள். செம்மை தீயெனக் கொழுந்துவிட்டது. நீலம் நள்ளிரவுக் கடலெனக் கருத்தது. கமரா கண்டதை மாற்றுதல் பொய்யுரைத்தலுக்கு ஒப்பாகும் எனக் கூறி, அப்படத்தை விலக்குமாறு தீர்ப்பளித்தவன் நானே. கமரா கண்டதே மெய்யென்றால் தான் கண்டது பொய்யா என்று அவள் பணிவோடு கேட்டாள். எனக்கு விடை தெரிந்திலது. பின்னர் ஒருவர் வாழ்க்கையைப் படித்தபோதே அவ்விடை எனக்குப் புலனாயிற்று. அவரே இலங்கை ஒளிப்படக் கலையின் முதல்வராக எண்ணப்படும் லயனல் வென்ட்.

வென்ட் 1900 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்திலே கொழும்பிற் பிறந்தார். தந்தையார் ஹென்றி லோரன்ஸ் வென்ட் பறங்கியர் குலத்தவர். உயர் நீதிமன்ற நீதியரசராக விளங்கியவர். ஒளிப்படத்திலும் ஆர்வம் மிக்கவர். தாயார் சிங்களக் குடும்பமாகிய டி சேரம் குடும்பத்தவர். இவ்வாறு இருவேறு மரபுகளின் கூட்டிலே தோன்றிய மைந்தர், 1911 இல் தந்தையாரை இழந்தார். இளமைப் பருவத்திலே இலண்டன் மாநகர் சென்று ஒருபால் சட்டமும் மறுபால் பியானோ இசையும் பயின்றார். தந்தை வழியிலே சட்டம் அவரை அழைத்தது. தம் உள்ளத்தின் வழியிலே இசை அழைத்தது. பாரிஸ்டர் பட்டம் பெற்று 1924 இல் தாயகம் மீண்ட பின்னர், வழக்குரைஞர் தொழிலிலே அவர் நெடுநாள் நிலைக்கவில்லை. வருவாயும் மதிப்பும் தரும் தொழிலைத் துறந்து இசையே தம் துறையெனக் கொண்டார்.

கொழும்பிலே கில்ஃபோட் பிறை வீதியில் அமைந்திருந்த அவர் இல்லம் கலைஞர்க்கெல்லாம் புகலிடமாயிற்று. சிலி நாட்டின் தூதரக அலுவலராக 1929 இல் கொழும்புக்கு வந்த இளங்கவிஞர் பாப்லோ நெருடா, தனிமையில் வாடிய காலத்தில் வென்ட் தந்துதவிய நூல்களாற் பெரிதும் ஆறுதல் பெற்றார். பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற அக்கவிஞர் தம் நினைவுக் குறிப்பிலே அவரை நன்றியோடு போற்றியிருக்கின்றார். ஓவியர் ஜோர்ஜ் கீற்றின் ஆற்றலை முன்னரே உணர்ந்து ஆதரித்தவரும் வென்ட்டே. கண்டிய நடனக் கலைஞரை மதித்துப் பேணியதும் அவர் செய்த பணிகளுள் ஒன்று.

முப்பது வயதைத் தாண்டிய பின்னரே அவர் ஒளிப்படத்திலே முழுமனத்தோடு ஈடுபட்டார். பியானோவின் கட்டைகளிலே ஓசையின் ஏற்ற இறக்கங்களை நுட்பமாக உணர்ந்த விரல்களுக்கு, வெண்மைக்கும் கருமைக்கும் இடைப்பட்ட எண்ணிறந்த சாயல்களை உணர்தல் எளிதாயிற்றுப் போலும். லைக்கா, றொலிஃபிளெக்ஸ் ஆகிய கமராக்களை அவர் கையாண்டார். வலை இழுக்கும் மீனவர், வயலில் உழைக்கும் உழவர், ஒளிபட்ட தென்னோலை, காலத்தால் தேய்ந்த கற்சிற்பம் என அவர் கண்ட பொருள்கள் யாவும் நாம் நாளும் கண்டும் காணாது செல்பவையே.

அவருக்கும் எங்கள் கொட்டியாரக் குடாவுக்கும் அரியதொரு தொடர்பும் உண்டு. 1660 ஆம் ஆண்டு ஆன் என்னும் கப்பலில் அக்குடாவுக்கு வந்த றொபேட் நொக்ஸ் என்னும் இளைஞர், தம் தந்தையாரோடும் மாலுமியரோடும் கண்டி அரசனின் ஆட்களாற் சிறைப்பிடிக்கப்பட்டார். பத்தொன்பது ஆண்டுகள் சிறையிருந்து 1679 இல் தப்பிச் சென்று, 1681 இல் இலங்கையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பசில் றைற் 1934 இல் உருவாக்கிய சோங் ஒஃப் சிலோன் என்னும் ஆவணத் திரைப்படத்தின் உரை பெரும்பாலும் அந்நூலிலிருந்தே எடுக்கப்பட்டது. அதனைப் படித்தவர் வென்ட். மூதூர்க் கரையிலே சிறைப்பட்ட ஒருவரின் சொற்கள், ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுகளின் பின்னர், கொழும்பு மைந்தர் ஒருவரின் குரலிலே உலகுக்குக் கேட்டன. அப்படம் 1935 இல் பிரசெல்ஸ் திரைப்பட விழாவிலே முதற்பரிசு பெற்றது.

இனி, என் மாணவியின் வினாவுக்கு வருவோம். வென்ட் கமரா தந்ததை அவ்வாறே ஏற்று அமைந்தவரல்லர். இருட்டறையிலே அவர் செய்த சோதனைகள் பல. ஓர் எதிர்ப்படத்தோடு மற்றொன்றை இணைத்து ஒரே தாளில் அச்சிடுவார். வேறுவேறு படங்களின் துண்டுகளைச் சேர்த்துப் புதுப்படம் ஆக்குவார். சோலரைசேஷன் எனும் முறையையும் திறம்படக் கையாண்டார். உருத்துலக்கும் கரைசலிலே படம் பாதி தெளிந்துவரும் வேளையில் அதன்மேல் ஒரு கணம் ஒளி பாய்ச்சினால், இருளும் ஒளியும் ஓரளவு தம்முள் இடம் மாறும். உருவின் விளிம்பிலே உளியாற் செதுக்கியது போன்ற நுண்கோடு ஒன்று தோன்றும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அறியப்பட்டிருந்த இவ்விளைவைப் பாரிஸ் நகரிலே மான் றேயும் லீ மில்லரும் 1929 ஆம் ஆண்டளவிற் கலையாக்கினர். பெரும்பாலோர் பிழையென்று தாளை எறிந்துவிடும் இடத்திலே, வென்ட் போன்றோர் அழகு கண்டனர்.

இத்தகைய முறைகளை வெறும் வித்தை என ஒதுக்குவோர் எக்காலத்தும் உளர். நானும் அவருள் ஒருவனாக இருந்தேன். ஆயின் சற்றே சிந்திப்போம். வண்ணம் நிறைந்த உலகைக் கறுப்பும் வெளுப்புமாக்குவதே பெருமாற்றமன்றோ? எந்த நேரத்தில், எந்தக் கோணத்தில், எவ்வளவு ஒளியில் எனத் தெரிவு செய்யும்போதே படம் பிடிப்பவரின் மனம் அங்கே புகுந்துவிடுகின்றது. வென்ட்டின் இருட்டறை வேலை அம்மனத்தின் தொழிலை மறையாது வெளிப்படுத்தியது. பார்ப்பவர் எவரும் அவற்றை நேர்ப்படம் என மயங்கார். மாற்றம் செய்தமையை ஒளித்து, நடந்தது இதுவே எனச் சாதிப்பதுதான் பொய். மாற்றத்தையே மொழியாகக் கொண்டு பேசுவது கவிதை. செய்தித்தாளின் படத்துக்கு ஒரு நெறி, கலைப்படத்துக்கு மற்றொரு நெறி. நான் ஒன்றன் சட்டத்தை மற்றொன்றன்மேற் சுமத்தினேன்.

அவர் கலை உலக அரங்கிலும் மதிப்புப் பெற்றது. லைக்காக் கமராவை ஆக்கிய லைற்ஸ் நிறுவனத்தாரின் ஆதரவில் 1938 இல் இலண்டனிலே அவருடைய படங்கள் தனிக்கண்காட்சியாக வைக்கப்பட்டன. தாம் பெற்றதைத் தம்மோடு வைத்துக்கொள்ளாமல், இலங்கை ஒளிப்படச் சங்கத்தை நிறுவுவதில் முன்னின்றார். 1943 ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதம் 29 ஆம் நாள், பழைய ஓவிய மரபின் கட்டுகளைத் தகர்க்க விரும்பிய கலைஞர் அவர் இல்லத்திலே கூடி 43 குழு என்னும் அமைப்பைத் தோற்றுவித்தனர். ஜோர்ஜ் கீற், ஜஸ்ரின் தெரணியகல, ஹரி பீரிஸ், ஐவன் பீரிஸ், மஞ்சுஸ்ரீ ஆகியோரோடு கனகசபை என்னும் தமிழ் ஓவியரும் அதில் இடம்பெற்றிருந்தார். தாம் தூரிகை பிடியாத ஒருவர் ஓவியர்க்கெல்லாம் தூணாக நின்றமை எண்ணி வியக்கத்தக்கது.

அத்தூண் விரைவிற் சாய்ந்தது. 1944 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்திலே, நாற்பத்து நான்காவது வயதில், வென்ட் திடீரென மறைந்தார். அவர் மறைவின் பின்னர் எதிர்ப்படங்கள் அழிக்கப்பட்டன. தம் கையால் அவர் அச்சிட்ட தாள்களே எஞ்சின. அவற்றினின்று தெரிந்தெடுத்தவை 1950 இல் இலண்டனிலே நூலாக வெளிவந்தன. அவருடைய இல்லம் இருந்த இடத்திலே, நண்பர்களின் முயற்சியால் எழுந்த நினைவரங்கு 1953 இல் திறக்கப்பட்டது.

ஈண்டு ஒன்று சிந்திக்கத்தக்கது. இரும்பு காற்றோடும் நீரோடும் கூடித் துருவாகும்போது உலோகம் தன் இயல்பிழந்து சேர்வையாகின்றது. படச்சுருளிலோ வெள்ளிச் சேர்வையானது ஒளியாலும் கரைசலாலும் மீண்டும் உலோகமாகி உருக்காட்டுகின்றது. ஒன்று மறையும் வழி, மற்றொன்று தோன்றும் வழி. மறைவதைத் தோன்றச் செய்வதே ஒளிப்படக் கலைஞரின் தொழில் போலும்.

இவ்வுண்மை தெளிந்த பின்னர் அம்மாணவியை வரவழைத்து, என் தீர்ப்புப் பிழையென ஒப்புக்கொண்டேன். மாற்றாத படத்தையும் அருகே வைத்துக் காட்டினால் ஏனைய மாணவர்க்குப் பயன்படும் என்றேன். அவளோ, அப்படம் பழுதடைந்த கைத்தொலைபேசியோடு போயிற்று என்றாள். தகட்டையேனும் பார்த்து வருவோம் எனக் கரைக்குச் சென்றேன். பழைய இரும்பு வாங்குவோர் அதனை முன்னரே கொண்டு சென்றிருந்தனர். அத்துருவுக்கு இன்று எஞ்சிய ஒரே சான்று, நான் பொய்யென விலக்கிய அப்படமே. இப்பொழுது அது எங்கள் வகுப்பறைச் சுவரிலே தொங்குகின்றது.