கனவின் காரணம் கூறிய புத்தகோஷ மகாதேரர்

திரிபிடகத்திற்கு உரை வகுத்த பெரியோருள் தலைசிறந்தவர் ஆசாரிய புத்தகோஷ மகாதேரர். இவர் கி.பி. 5ஆம் நூற்றாண்டினர். மகத நாட்டில், போதிமரத்திற்கு அருகே அந்தணர் குலத்திற் பிறந்தார் என இலங்கை வரலாற்று நூல் கூறுகின்றது. தென்னாட்டவரே எனக் கருதும் அறிஞரும் உளர். எங்குப் பிறந்தாராயினும், காஞ்சிபுரத்தில் வாழ்ந்தவர் என்பது அவர்தம் நூலாலேயே விளங்கும்.

மகாநாம மன்னன் காலத்தில் அநுராதபுரத்து மகாவிகாரையை அடைந்து, சிங்கள மொழியிலிருந்த பழைய உரைகளைப் பாலி மொழியில் ஆக்க இசைவு வேண்டினார். அவர் புலமையை ஆராயுமாறு தேரர்கள் இரண்டு காதைகளைக் கொடுத்தனர். அவற்றின் விரிவாக எழுந்ததே விசுத்திமக்கம் என்னும் பெருநூல். பின்னர், காஞ்சியில் தம்முடன் உறைந்த ஜோதிபால தேரர் வேண்டியவாறு, அங்குத்தர நிகாயத்திற்கு மநோரதபூரணி என்னும் உரையை இயற்றினார்.

போதிசத்துவர் கண்ட ஐம்பெருங் கனவுகளை விளக்குமிடத்து, கனவின் காரணம் நான்கென அவ்வுரையில் வகுத்தார். பித்தம் முதலியன கலங்கியவன் மலையினின்று வீழ்வதாகவும், கள்வர் துரத்துவதாகவும் காண்பான். முன்பு நுகர்ந்தவை மீண்டும் தோன்றுதல் இரண்டாவது. இவ்விரண்டும் மெய்யாவதில்லை. தேவர் காட்டுவது மூன்றாவது. அது பொய்யாதலும் உண்டு. நல்வினை தீவினைகளின் முற்குறியாக வருவது நான்காவது. அதுவே தவறாது பலிப்பது. போதிசத்துவர் கண்டவை இவ்வகையின. மயக்கம் முற்றும் நீங்கிய அருகதரோ கனவே காண்பதில்லை.

மட்டாஞ்சேரிப் பண்டகசாலையிற் பகலெல்லாம் மிளகு மூட்டை சுமந்தவன், இரவில் மூட்டைகள் தன்மேற் சரிவதாகக் கனாக் கண்டு அலறி எழுகின்றான். விடிந்ததும் குறிகேட்க ஓடி, உழைத்த கூலியைத் தொலைக்கின்றான். அவன் கண்டது தன் உடல் நோவையும் பகற்பொழுதின் நினைவையுமே அன்றோ?

தீக்கனாவுக்கு மகாதேரர் காட்டும் மருந்து மைத்திரி பாவனை. முதலில் தன்னிடத்தும், பின் அன்புடையாரிடத்தும், அயலாரிடத்தும், இறுதியிற் பகைவனிடத்தும் நல்லெண்ணத்தைப் பரப்புதல் அதன் முறை. சினம் தணியவில்லையெனின், பகைவனுக்கு ஒரு பொருளை ஈந்து பார்க்கவும் பணித்தார். இப்பாவனையில் நிலைத்தவன் இனிதே உறங்குவான், இனிதே விழிப்பான், தீக்கனாக் காணான், அவன் முகமும் தெளிவுறும். உடலைத் தோற்றுவிப்பன கன்மம், சித்தம், இருது, ஆகாரம் என நான்கு. அவற்றுள் சித்தமும் ஒன்றாதலின், உள்ளத்தின் தெளிவு முகத்திற் புலப்படுதல் வியப்பன்று.

ஆதலின் அன்பர்காள், கனாவுக்குப் பொருள் தேடி அலைதல் வேண்டா. உறங்குமுன், அன்று நம்மைச் சினமூட்டியவனை நினைந்து, அவனும் நலமுறுக என வாழ்த்துவோமாக.