மரக்கட்டையில் உயிர்பெற்ற பறவைகள்

இங்கிலாந்தின் வடபகுதியில், டைன் ஆற்றங்கரையை அடுத்த செரிபர்ன் பண்ணையில் 1753ஆம் ஆண்டு தாமஸ் பியூவிக் பிறந்தார். தந்தை உழவர். பள்ளிப்பாடத்தைவிடப் படம் வரைவதிலேயே சிறுவரின் மனம் ஈடுபட்டது. கற்பலகை, புத்தக ஓரம், வீட்டுத்தளம், கல்லறைக் கற்கள் என எங்கும் அவருடைய சித்திரங்கள் இடம்பெற்றன.

ஒருநாள் அவர் எறிந்த கல் பட்டுச் சிறு பறவையொன்று வீழ்ந்தது. கையிலெடுத்தபோது, தன் உயிரைப் பறித்தது ஏன் என்று வினவுவதுபோல் அது அவர் முகத்தை நோக்கியது. அதன்பின் அவர் தம் கையால் எப்பறவையையும் கொல்லவில்லை.

பதினான்காம் வயதில் நியூகாசில் நகரில் ரால்ஃப் பெய்ல்பி என்பவரின் செதுக்குப் பட்டறையில் பயிலுநராகச் சேர்ந்தார். பின்னர் அவருடைய தொழிற்பங்காளியானார். கெட்டியான பாக்ஸ் மரத்தைக் குறுக்காக அறுத்து, அதன் வெட்டுமுகத்தில் நுண்ணிய உளியால் செதுக்கும் கலையில் பியூவிக் ஒப்பற்றவரானார். செப்புத்தகட்டுப் படங்களைத் தனியே அச்சிட வேண்டும். மரக்கட்டையையோ எழுத்துகளுடன் சேர்த்தே அச்சேற்றலாம். அதனால் படமும் செய்தியும் ஒரே பக்கத்தில் அமைந்தன.

இளமையில் தாம் கண்ட விலங்கு நூலின் திருத்தமற்ற படங்கள் அவர் மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தன. இளையோர்க்குச் சிறந்ததொரு நூலை அளிக்க அவர் விழைந்தார். 1785ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் முதற்படமாக ஒற்றைத்திமில் ஒட்டகத்தைச் செதுக்கினார். அன்றே அவர் தந்தை மறைந்தார். துயரிலும் பணி தொடர்ந்தது. பகலில் பட்டறைத் தொழில், மாலையில் நூற்பணி. 1790இல் நாற்கால் விலங்குகள் பற்றிய நூல் வெளிவந்து பெருவரவேற்புப் பெற்றது.

அடுத்துப் பறவைகளை வரைய முற்பட்டார். பதப்படுத்தப்பட்ட உடல்களில் இயல்பான தோற்றம் இல்லை எனக் கண்டு, உயிருள்ள பறவைகளையும் புதிதாகச் சுடப்பட்டவற்றையும் நோக்கி வரைந்தார். தம் நூலின்பொருட்டுப் பல பறவைகள் மடிந்ததை அவர் மறைக்கவில்லை. பிற்காலத்தில் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதியபோது அதனையும் ஒப்புக்கொண்டார். நிலப்பறவைகள் பற்றிய தொகுதி 1797இலும், நீர்ப்பறவைகள் பற்றிய தொகுதி 1804இலும் வெளிவந்தன.

1828இல் பியூவிக் மறைந்தார். ஈராண்டுகளில் அன்னவகை ஒன்றுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. கல்லெறிந்த சிறுவரின் பெயரை இன்று ஒரு பறவை தாங்கி நிற்கிறது.