நேச எண்களை ஆராய்ந்த கமாலுத்தீன் அல்-ஃபாரிஸி

கி.பி. 1258இல் ஹுலாகுவின் மங்கோலியப் படை பக்தாதை அழித்தது. அத்தோடு முஸ்லிம்களின் அறிவுப் பயணமும் முடிந்துவிட்டதாகவே நம்மில் பலர் நினைக்கிறோம். அது சரியல்ல. ஹுலாகுவின் வாரிசுகள் ஆண்ட ஈரானிலேயே அந்தப் பயணம் தொடர்ந்தது.

கமாலுத்தீன் அல்-ஃபாரிஸி 1267 வாக்கில் பிறந்தார். பேரறிஞர் குத்புத்தீன் அஷ்-ஷீராஸியிடம் பயின்றார். ஒளியைப் பற்றி ஐயங்களோடு வந்த மாணவரை, இப்னுல் ஹைஸமின் ‘கிதாபுல் மனாழிர்’ நூலின் பக்கம் ஆசிரியர் திருப்பிவிட்டார். அல்-ஃபாரிஸி அதற்கு விரிவுரையே எழுதினார். நீர் நிரப்பிய கண்ணாடிக் கோளத்தை மழைத்துளியாகக் கொண்டு ஆராய்ந்து, வானவில் தோன்றும் விதத்தையும் விளக்கினார்.

அவருடைய கணிதப் பணியை நாம் அவ்வளவாக அறியவில்லை. 220ஐ மீதியின்றி வகுக்கும் எண்களை, 220ஐத் தவிர்த்துக் கூட்டினால் 284 வரும். 284க்கு அப்படியே செய்தால் 220 வரும். இத்தகைய இணைகளை அரபு அறிஞர்கள் ‘ஒன்றையொன்று நேசிக்கும் எண்கள்’ என்றனர்.

இவற்றைக் கண்டறியும் விதியை 9ஆம் நூற்றாண்டில் வகுத்தவர் ஹர்ரானைச் சேர்ந்த தாபித் இப்னு குர்ரா. அவர் முஸ்லிம் அல்லர்; ஸாபியீ சமயத்தவர். விதி இதுதான்: 3, 6, 12, 24, 48 என இரட்டித்துச் செல்லும் வரிசையில் அடுத்தடுத்த இரண்டை எடுக்க வேண்டும். 6, 12 என்றால், ஒன்று குறைத்து 5, 11. இரண்டின் பெருக்கல் 72. ஒன்று குறைத்து 71. மூன்றும் பகா எண்கள். எனவே 4×5×11=220, 4×71=284.

அடுத்த இணையான 12, 24 பலிக்காது. 287 என்பது 7×41 ஆகிவிடும். 24, 48 பலிக்கும். 23, 47, 1151 மூன்றுமே பகா எண்கள். 16×23×47=17,296; 16×1151=18,416. இதுவும் நேச இணை!

இந்த விதிக்கு அல்-ஃபாரிஸி புதிய வழியில் நிரூபணம் தந்தார். எந்த எண்ணையும் பகா எண்களாகப் பிரித்து, அதன் காரணிகளை ஒன்றுவிடாமல் கணக்கிடுவதே அவர் வழி. 17,296, 18,416 இணையையும் அதில் எடுத்துக்காட்டினார். மொரோக்கோவின் இப்னுல் பன்னாவும் ஏறக்குறைய அதே காலத்தில் இதை அறிந்திருந்தார். 1319 வாக்கில் அல்-ஃபாரிஸி மறைந்தார்.

1636இல் பிரான்சின் ஃபெர்மா இதே இணையைக் கண்டார். நெடுங்காலம் அவர் பெயராலேயே அது அறியப்பட்டது.

முன்னோரின் பெருமையைப் பேசுவதோடு நாம் நின்றுவிடக் கூடாது. அல்-ஃபாரிஸி அப்படி நிற்கவில்லை. பெரியவர்களின் நூல்களை வாசித்தார், சோதித்தார், மேலும் ஒரு படி சென்றார். இன்றிரவு பிள்ளைகளோடு உட்கார்ந்து 18,416இன் காரணிகளைக் கூட்டிப் பார்ப்போம். அந்த எண்ணைத் தவிர்த்தால் ஒன்பதே காரணிகள்தான்.