பண்டார வன்னியனும் பீரங்கியும்

வன்னி வளநாட்டின் வீரருள் தலைசிறந்தவன் குலசேகரம் வைரமுத்துப் பண்டார வன்னியன். அவன் பெயரைக் கேட்டதும் எம் சிறுவர் மனக்கண்ணில் தோன்றுவது வாள் மட்டுமன்று. முல்லைத்தீவுக் கோட்டையில் அவன் கைப்பற்றினான் என ஊர்வழக்குக் கூறும் பீரங்கியுமாகும். பீரங்கிக்கு அத்தகையதொரு கவர்ச்சி உண்டு. திருகோணமலைக் கோட்டைக்குச் செல்லும் இளைஞர், அங்குள்ள பழம் பீரங்கியைத் தடவிப் பாராமல் திரும்புவதில்லை. தஞ்சையில் நாயக்கர் காலத்து இரும்புப் பீரங்கியைக் காண்போரும் அதன் பருமனைக் கண்டு வாய்பிளந்து நிற்பர். இக்கவர்ச்சியை நாம் பழிக்கவில்லை. ஆனால் வன்னியனின் வரலாறு பீரங்கியைப்பற்றி எமக்கு என்ன கற்பிக்கின்றது என்பதைச் சிந்தித்தல் நன்று.

முன்னாளில் வன்னியர் ஐரோப்பியருக்கு யானைகளைத் திறையாகக் கொடுத்தனர். ஆயினும் தம் நாட்டைத் தாமே ஆண்டனர். 1782 இல் ஒல்லாந்தர் படையனுப்பி வன்னியை அடக்கினர். 1795 இல் ஒல்லாந்தரின் கோட்டைகள் ஆங்கிலேயர் வசமாயின. கோட்டை கைமாறும்போது பீரங்கியும் கைமாறிற்று. நேற்றைய எசமானுக்காக முழங்கிய அதே வாய் இன்றைய எசமானுக்காக முழங்கும். பீரங்கிக்கு நன்றியுமில்லை, பகையுமில்லை.

1803 இல் கண்டிமீது படையெடுத்த ஆங்கிலேயர், யூன் மாதத்தில் அங்கே பேரழிவுற்றனர். காலமறிந்து எழுந்தான் வன்னியன். ஆகஸ்ட் 25 ஆம் நாள் முல்லைத்தீவைத் தாக்கினான். காவற்படைத் தலைவன் கப்டன் வொன் டிறிபேர்க் தன் படையுடன் தோணியேறி யாழ்ப்பாணம் சென்றான். வன்னியன் படை ஆனையிறவு வரை முன்னேறிற்று.

இவ்வெற்றி எவ்வாறு கிட்டியது? அக்காலப் பீரங்கிக்கு வாய்வழியே மருந்திட்டு, குண்டிட்டு, கோலால் இடித்து, பின்புறத்துத் துளையில் நெருப்பு வைக்கவேண்டும். ஒரு பீரங்கிக்குப் பழகிய ஆட்கள் பலர் வேண்டும். ஒவ்வொரு வெடிக்கும் இடையே நேரம் கழியும். கடற்கரைக் கோட்டைகளின் பெரும் பீரங்கிகள் பல கப்பலை எதிர்பார்த்துக் கடலை நோக்கி நின்றன. வன்னியன் வந்ததோ காட்டுப் பக்கத்திலிருந்து. காட்டின் தடங்களை அறிந்த மக்களே அவனது பெரும்படை. மருந்தும் குண்டும் பழகிய கையும் இல்லாதவிடத்து, கைப்பற்றிய பீரங்கி வெறும் இரும்பே.

ஆங்கிலேயர் வாளாவிருக்கவில்லை. மன்னாரிலிருந்து கப்டன் மட்ஜும், யாழ்ப்பாணத்திலிருந்து லெப்டினன்ட் யூவெலும், திருகோணமலையிலிருந்து வொன் டிறிபேர்க்கும் என மூன்று திசைகளிலிருந்து படைகள் வந்தன. 1803 ஒக்டோபர் 31 ஆம் நாள், ஒட்டுசுட்டானை அடுத்த கற்சிலைமடுவில் வொன் டிறிபேர்க் எதிர்பாராத வேளையில் தாக்கி வன்னியனை முறியடித்தான். அவ்விடத்தில் வெள்ளையர் நட்ட கல், வன்னியன் தோற்கடிக்கப்பட்டான் என்றது. இறந்தான் என்று கூறவில்லை. காக்கை வன்னியன் காட்டிக்கொடுத்தான் என்பது ஊரார் கதை. பீரங்கி வெல்லாததைப் பிரிவினை வென்றுவிடும் என்ற அறிவுரை அக்கதையுள் அடங்கியிருக்கின்றது.

வெற்றிக் கல்லை நட்டவர் பெயர் இன்று எவர் நாவிலும் இல்லை. தோற்றவனுக்கோ வவுனியா நகரில் சிலை நிற்கின்றது. அவன் கதை நாடகமாகவும் நாவலாகவும் எழுதப்பட்டிருக்கின்றது.

நிற்க, 2009 வரை இம்மண்ணில் செல் விழுந்த ஓசையைக் கேட்டு வளர்ந்தோர் எம்மிடையே பலர். பதுங்குகுழியில் குழந்தையை அணைத்தபடி இருந்த தாய்க்குப் பீரங்கியின் கவர்ச்சியைப்பற்றி எவரும் எடுத்துரைக்கவேண்டியதில்லை. அதைக் கேளாத இளந்தலைமுறை இப்போது எம் சங்கத்தில் சேர்ந்துள்ளது. அவர்களுக்கு நாம் வன்னியனின் கதையைச் சொல்லுங்கால், அவன் எடுத்த பீரங்கியை மட்டும் சொல்லி நிறுத்துதல் தகாது. அவனோடு நின்ற மக்களையும் சொல்லல் வேண்டும்.

பீரங்கிகளை ஏற்றிவந்த கப்பல்களைச் சுமந்தது முல்லைக் கடல். அக்கடலின் நீரை அள்ளிவந்துதான் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலுக்கு விளக்கெரிக்கின்றோம். பீரங்கிகள் துருவேறிக் கிடக்கின்றன. விளக்கு ஆண்டுதோறும் எரிகின்றது. இளைஞர்காள், அவ்விளக்கைக் காக்கும் ஒற்றுமையே வன்னியனுக்கு நாம் செலுத்தும் மெய்யான அஞ்சலியாகும்.