ஒரு துண்டு மீன்

ஹவுரா நிலையத்தில் சென்னை மெயில் வந்து நிற்கும்போது கவனித்துப் பாருங்கள். கூட்டமெல்லாம் கலைந்த பிறகு, கையில் பையும் இல்லாமல், அழைத்துப் போக ஆளும் இல்லாமல், எந்தப் பக்கம் போவதென்று விழித்துக்கொண்டு ஏதாவது ஒரு சிறுவன் நிற்பான். ரயில்வேயில் வேலை பார்க்கும் எனக்கு, அப்படி ஒரு பையனைப் பார்க்கும்போதெல்லாம் சென்னை எழும்பூர் நிலையத்தில் நின்ற இன்னொரு சிறுவனின் நினைவு வரும். அவன் பெயர் ராதாகிருஷ்ணன். பிற்காலத்தில் தமிழ்நாடே நடிகவேள் என்று கொண்டாடிய எம். ஆர். ராதாதான் அவன்.

1907ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் தேதி சென்னையில் பிறந்தவர் ராதா. பட்டாளத்தில் இருந்த அவருடைய தந்தை ராஜகோபால் நாயுடு முதல் உலகப் போரில் மாண்டார். தாயார் ராஜம்மாள். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் சிறுவன் இன்னொரு துண்டு மீன் கேட்டான். தாயார் போடவில்லை. கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்பியவன் எழும்பூர் நிலையத்தில் போய் நின்றான்.

மீன் இல்லாமல் சோறு இறங்காத கொல்கத்தாவில் வாழும் நமக்கு அந்தக் கோபம் புரியாததல்ல. நாலைந்து வயிறு உள்ள வீட்டில் துண்டுகளை எண்ணித்தான் போட முடியும். அது தாயின் கணக்கு. பிள்ளையின் கணக்கு வேறு. மீன் கிடைக்கவில்லை என்பதைவிட, தான் கேட்டும் அம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லையே என்பதுதான் அவனுக்குப் பெரிதாகப் படும்.

நிலையத்தில் ஆலந்தூர் டப்பி ரங்கசாமி நாயுடு என்பவரின் மூட்டையை அந்தப் பையன் தூக்கினான். அவர் நாடகக் கம்பெனி நடத்துபவர். பையனைத் தம்முடனே அழைத்துக்கொண்டு போய்விட்டார். ராதாவின் நாடக வாழ்க்கை அங்கே தொடங்கியது.

அந்தக் காலத்துப் பாய்ஸ் கம்பெனி வாழ்க்கை சுகமானதல்ல. அடியும் உதையும் உண்டு. ஊர் ஊராக அலைய வேண்டும். ராதா பல கம்பெனிகளில் இருந்தார். நடிப்போடு நில்லாமல் மின்சார வேலை, மோட்டார் வேலை எல்லாம் கற்றுக்கொண்டார். யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் கம்பெனியில் அவரோடு இருந்த சிறுவன் கணேசனும் வீட்டை விட்டு வந்து நாடகத்தில் சேர்ந்தவனே. அந்தக் கணேசன்தான் பின்னாளில் சிவாஜி.

திருவாரூர் தங்கராசு எழுதிய ரத்தக்கண்ணீர் நாடகம் ராதாவின் புகழை உச்சிக்குக் கொண்டு போனது. ஆயிரக்கணக்கான மேடைகளில் அது நடந்தது. 1954இல் படமாகவும் வந்தது. அதில் அவருக்குத் தாயையும் மனைவியையும் உதறிவிட்டு, கடைசியில் தொழுநோய் கண்டு தெருவில் பிச்சை எடுக்கும் மோகன் வேடம். தாயிடம் கோபித்துக்கொண்டு போன சிறுவன், தாயை மதிக்காத மகன் என்ன ஆவான் என்று வாழ்நாளெல்லாம் மேடையில் காட்டினான்.

பெரியாரின் தொண்டரான அவர் தடைகளுக்கு அஞ்சவில்லை. ஒரு பெயரில் நாடகத்தைத் தடுத்தால் வேறு பெயரில் நடத்துவார். 1967 ஜனவரி 12ஆம் தேதி எம்.ஜி.ஆரைச் சுட்ட வழக்கில் சிறை சென்றார். அது அவர் வாழ்வில் ஆறாத வடு. 1979 செப்டம்பர் 17ஆம் தேதி திருச்சியில் காலமானார்.

வீட்டை விட்டு ஓடினால் எம். ஆர். ராதா ஆகிவிடலாம் என்று எந்தப் பிள்ளையும் எண்ணிவிடக் கூடாது. அன்று அந்த மூட்டைக்காரர் நாடகக்காரராக இருந்தது அவனுடைய அதிர்ஷ்டம். வேறு யாராகவும் இருந்திருக்கலாம். பிளாட்பாரத்தில் நின்று காணாமலே போன பிள்ளைகளின் வரலாற்றை யார் எழுதினார்கள்?

தனியாக நிற்கும் பிள்ளையைக் கண்டால் நமக்கென்ன என்று போய்விடாதீர்கள். ரயில்வே பாதுகாப்புப் படையினரிடம் சொல்லுங்கள். அல்லது 1098 என்ற எண்ணுக்கு போன் செய்யுங்கள். காசு செலவில்லை.

இன்னொன்றும் உண்டு. ஓவர்டைம் முடித்து அலுத்து வீடு திரும்பும் நம் வீட்டிலும் ஒரு பிள்ளை தட்டின் முன் உட்கார்ந்திருக்கும். சட்டியில் மீன் இல்லாமல் போகலாம். இல்லை என்பதையாவது அதன் முகத்தைப் பார்த்துச் சொல்லுவோம்.